ஈஜோக் சாலைக்கு வெளிச்சம் போட்ட கதை

மலேசியா வந்து இறங்கிய மறுநாள், மாமனார் வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துச் சாத்தூருக்கு அனுப்பினேன். உச்சி வேளை. பின்னால் இரும்பு கேட், பக்கத்தில் பப்பாளி மரம், நடுவில் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில் நான். சற்று நேரத்தில் அம்மா போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "ஏய்யா, எங்க நின்னு எடுத்த? காலுக்கு அடியில நெழலே இல்லையே. ஸ்டூடியோவா?" என்றாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒருத்தன் சிங்கப்பூர் போகிறேன் என்று மாலை மரியாதையோடு கிளம்பி, மாதக்கணக்கில் சென்னையில் ஒரு மேன்ஷனில் இருந்தபடியே சிங்கப்பூர் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்த வரலாறு உண்டு. "வெயில் நல்லாத்தாம்மா அடிக்குது" என்றேன். "வெயில் அடிச்சா நெழல் எங்க போச்சு?" என்றாள். குனிந்து பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்குப் புழுக்கம், கண் கூசும் அளவுக்கு வெளிச்சம், ஆனால் காலுக்கடியில் யாரோ அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் போன காப்பிக் கறை மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது. அதுதான் என் நிழல்.

சாத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். நம்மூரில் வெயில் ஒரே இடத்திலிருந்து வரும்; வந்து மண்டையில் அடிக்கும். நிழல் என்பது கத்தரித்து ஒட்டிய கறுப்புத் தாள். மின்கம்பத்தின் நிழலுக்குள் ஒல்லியான ஆள் ஒருவர் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். இந்த ஈஜோக்கில், அதாவது கோலசிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறு ஊரில், காற்றில் எப்போதும் பாதி தண்ணீர். வெயில் அந்த ஈரத்தில் சிதறிவிடும். வானம் முழுவதும் ஒரே டியூப்லைட். எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வந்தால் நிழலுக்கு விழ இடம் ஏது? நீலவானம் என்று பாட்டில்தான் கேட்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் மேலே இருப்பது கஞ்சி.

ஒரு மனிதன் நிழலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். என் பிழைப்பு அப்படி. ஊரில் நான் சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் சாமிகளுக்குக் கலர் சரிசெய்துகொண்டிருந்தேன். முருகனுக்குக் கன்னம் சிவக்க வேண்டும், லட்சுமியின் தாமரை வெளுக்கக் கூடாது, பெருமாளின் நீலம் பச்சைக்குச் சாயக் கூடாது. பகலெல்லாம் சாமிகளுக்கு மேக்கப் போட்டுவிட்டு, சாயங்காலம் கணினியில் லாரி ஓட்டுவேன். ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றிச் செல்லும் விளையாட்டு அது. விளையாட்டை விற்ற கம்பெனி செய்தது போதாது என்று, உலகமெங்கும் வேலைவெட்டி இல்லாதவர்கள் அதில் சொந்தச் சரக்கைச் சேர்த்து இலவசமாகப் பகிர்ந்துகொள்வார்கள். அதற்கு மோட் என்று பெயர். ஒருவன் புது லாரி செய்வான், ஒருவன் ஊர் செய்வான். நான் வெளிச்சம் செய்வேன். சூரியனின் நிறம், வானத்தின் வெளுப்பு, நிழலின் கருமை, விளக்கைச் சுற்றிய மினுக்கம் எல்லாமே ஒரு கோப்பில் எண்களாக இருக்கும். எண்ணை மாற்றினால் விடியல் மாறும். கடவுளுக்கு அடுத்தபடியான வேலை. சம்பளம் மட்டும் கிடையாது.

லோகாவை நான் முதலில் சந்தித்தது ஜெர்மனியில். நாங்கள் இருவருமே ஜெர்மனிக்குப் போனதில்லை. இணையத்தில் பத்து இருபது பேர் சேர்ந்து வரிசையாக லாரி ஓட்டிப் போகும்போது, என்னை இடது பக்கமாக ஒருவர் முந்திக்கொண்டு போய், "ஹாரன் அடிச்சா நகரணும் பிரதர்" என்று தமிழில் எழுதினார். பிரதர் பிறகு கணவர் ஆனார். ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு; அப்பாவுக்கு ஒரே பிள்ளை; ஆகவே நான் இங்கே. துணைவர் விசாவில் வந்தவன் வேலை செய்யத் தனியாக அனுமதி வர வேண்டும். வரும்வரை வீட்டோடு மாப்பிள்ளை. லோகா காலையில் வேலைக்குப் போவாள், மாமா லோரியில் போவார், அத்தை சமையலறைக்குப் போவார், நான் ஜெர்மனிக்குப் போவேன்.

மாமாவின் பெயர் ஆறுமுகம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, வாலிபத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் கொட்டும் லோரி. காலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மாப்பிள்ளை, பசியாறியாச்சுங்களா?" என்று மட்டும் கேட்பார். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுதல் என்கிறார்கள். ஆரம்பத்தில் அது தெரியாமல், "எனக்கு இன்னும் பசியே வரல மாமா" என்று பதில் சொல்லித் தொலைத்தேன். உழைக்காதவனுக்குப் பசி எப்படி வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு பெரிதாக வளரவில்லை.

வளர்ந்தது ஒரு நாள் மாலை. இந்த நாட்டுச் சாலைகளை யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே விளையாட்டுக்குள் செய்து வைத்திருந்தான். கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் வழியாக ஈஜோக் வரும் சாலை அப்படியே இருந்தது. ஆனால் வெளிச்சம் ஐரோப்பாவுடையது. செம்பனைக்கு மேலே ஜெர்மன் வானம், சாயங்கால வெயில் பாகு மாதிரி தங்க நிறம். பெட்டிக்கடையில் ஐஸ்கிரீமுக்குப் பதில் பனிமனிதன் நிற்பான் போல இருந்தது. நான் அதில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, குளிக்கப் போன மாமா தோளில் துண்டோடு பின்னால் நின்றுவிட்டார்.

"இது நம்ம ரோடு இல்ல?"

"ஆமா மாமா."

"ரோடு நம்மது. வெயில் யாரோடது?"

திரும்பிப் பார்த்தேன். இந்த வீட்டில் என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் சரியான கேள்வி அது. சரிசெய்யப் போகிறேன் என்று சொன்னேன். எப்படி என்றார். நிஜ வெளிச்சத்தைப் பார்த்து அளந்து அதே மாதிரி எண்களை மாற்ற வேண்டும் என்றேன். மாமா, "அப்ப நாளைக்கு லோரியில வாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

என் கருவிகள் மூன்று: கேமரா, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்த மேஜைப்பந்து, அத்தையின் எவர்சில்வர் சாம்பார்க் கரண்டி. பந்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, எந்தப் பக்கம் இருட்டுகிறது என்று பார்க்கலாம். கரண்டியின் முதுகில் வானம் முழுவதும் சுருங்கித் தெரியும். இரண்டையும் நீட்டிப் பிடித்து, ஒரே இடத்தில் காலை, மதியம், மாலை என்று படம் எடுக்க வேண்டும். பணக்கார நாடுகளில் இதற்கென்று பளபளக்கும் குரோம் உருண்டை விற்கிறார்கள். எனக்குக் கரண்டி போதும், அத்தைக்குத்தான் போதவில்லை. "மாப்பிள்ளை, வெளிச்சம் அள்ளி முடிச்சிட்டீங்கன்னா கரண்டிய குடுங்க, சாம்பார் கொதிக்குது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

அந்த வாரங்களில் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. தோட்டத்துக்குள் நுழைந்தால் வெளிச்சம் மேலிருந்து விழாது. மட்டைகளில் வடிகட்டிப் பச்சையாக ஊறி வரும். மாமாவின் வெள்ளை லோரி உள்ளே போனதும் மூக்கு முகமெல்லாம் பாசி நிறமாகிவிடும். பாசிர் பெனம்பாங் மீன்பிடிக் கிராமத்தில் தண்ணீர் வடிந்த நேரத்தில் சேறு வானத்தைவிடப் பிரகாசமாக இருந்தது. படகுகளின் அடிவயிறு தெரிந்தது, மேல்தட்டு இருட்டாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காகச் சுங்கை பஞ்சாங் போனோம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள். வரப்பில் நின்ற அத்தையின் முகத்தில் தாடைக்குக் கீழே வெளிச்சம், நெற்றி இருட்டு. டார்ச்சைக் கீழிருந்து அடித்துப் பேய்க்கதை சொல்வார்களே, அதே வெளிச்சத்தில் அத்தை என்னிடம் கேசரி வேண்டுமா என்று கேட்டார். விசேஷ வீட்டுக்கு வந்த மனிதர்கள் எல்லோரும், கோலசிலாங்கூரில் இருந்துகொண்டு மின்மினிப் பூச்சியைப் பார்க்காமலா இருக்கிறாய் என்று கேட்டார்கள். பார்த்தாயிற்று. படகில் முன்னால் இருந்தவர் பிளாஷ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டே வந்ததால், அவருடைய வழுக்கையைத்தான் நன்றாகப் பார்த்தேன்.

மொழிதான் காலை வாரியது. ஆலையின் வாசலில் மாமா எடை போடும் வரிசையில் நின்றபோது, நான் இறங்கிப் போய்ப் பந்தையும் கரண்டியையும் நீட்டிப் பிடித்தேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் ஓடி வந்தார். நான் கற்றுவைத்திருந்த மலாயைத் திரட்டி, வெளிச்சம் எடுக்க வந்தேன் என்ற அர்த்தத்தில், "சாயா நாக் அம்பில் சஹாயா" என்றேன். மனிதரின் முகம் மாறிவிட்டது. "சஹாயாவையா? நீ யார்? உன் அப்பா அம்மா எங்கே?" என்று கேட்டார். நான் மறுபடியும், மிகுந்த மரியாதையோடு, சஹாயாவை எடுக்கத்தான் வந்தேன், கொஞ்ச நேரம்தான், எடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்றேன். மாமா மட்டும் அப்போது லோரியிலிருந்து குதித்து வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. சஹாயா என்றால் வெளிச்சம். காவலரின் மகள் பெயரும் அதுவே. கரண்டியோடு பெண் எடுக்க வந்தவன் என்று அந்த ஆலையில் எனக்கு இன்றுவரை பெயர்.

மாமா அன்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு என்னை மலாய் படிக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. வழியில் வரும் பலகைகளையெல்லாம் சத்தமாக வாசிக்கச் சொல்வார். "அது என்னா போட்டிருக்கு? படிங்க." நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். "அர்த்தம் தெரியுமா? வேகத்தக் கொறைன்னு அர்த்தம்" என்று சொல்லி வேகத்தைக் குறைப்பார். "அடுத்தது?" "லெஞ்சோங்கான்." "ஆங், மாத்து வழி." மாற்று வழியில் திரும்புவார். இவ்வளவு பொறுமையான வாத்தியார் எனக்கு வாய்த்ததே இல்லை. மாமனார் கெட்டவர், மாப்பிள்ளையை மதிக்க மாட்டார் என்றெல்லாம் ஊர் நண்பர்களுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளுக்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலங்களில் அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். நான் எடுத்த படங்களை வைத்து எண்களை மாற்றிக் காட்டுவேன்; அவர் தீர்ப்புச் சொல்வார்.

"வெள்ளை இவ்ளோ வெள்ளையா இருக்காது மாப்பிள்ளை. தேத்தண்ணி பட்ட மாதிரி இருக்கும்."

"படத்துல வெள்ளையாத்தான மாமா இருக்கு?"

"படம் என்னா தினமும் ரோட்டுலயா ஓடுது? நான் ஓடுறேன்."

தேத்தண்ணி என்றால் இங்கே டீ. மஞ்சளைக் கூட்டினேன். எதிரே வரும் லோரியின் விளக்கைச் சுற்றி வளையம் வேண்டும் என்றார். வைத்தேன். இன்னும் பெரிதாக வேண்டும், நட்சத்திரம் மாதிரி கீறிக்கொண்டு வர வேண்டும் என்றார். கீறினேன். காலைச் சூரியன் எதிரே வந்தால் சாலையே தெரியக் கூடாது, பால் ஊற்றின மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஊற்றினேன். "இப்பதான் நம்ம ரோடு" என்று நாற்காலியில் சாய்ந்தார். என் கேமராவில் இவை எதுவும் இல்லை. ஆனால் கேமரா நேற்று வாங்கியது. அவர் ஆயுசு முழுக்க அந்தச் சாலையைப் பார்த்தவர். காற்றில் இருக்கும் ஈரம்தான் இப்படியெல்லாம் செய்கிறது, அதை இயந்திரத்தால் பிடிக்க முடியாது, அங்கே வாழ்ந்த கண்ணால்தான் பிடிக்க முடியும் என்று நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். அதை நீட்டி முழக்கி ஆங்கிலத்தில் எழுதி, மோட்டோடு சேர்த்து இணையத்தில் ஏற்றினேன். "வெப்பமண்டல ஒளியின் உண்மை" என்பதுபோல் ஏதோ தலைப்பு. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

முதலில் வந்த கருத்துகள் உள்ளூர்ப் பையன்களுடையவை. "புரோ, கண்ணாடிய கழுவிட்டு ஓட்டு." "எண்ணெய்ச் சட்டி வழியா பாக்குற மாதிரி இருக்கு." ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் போலந்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். கண் மருத்துவமனையில் வேலையாம். மிகவும் அன்பாக எழுதியிருந்தார்: "இவ்வளவு துல்லியமாக இதைச் செய்தவரை நான் பார்த்ததில்லை. இது வெப்பமண்டலம் இல்லை நண்பரே, கண்புரை. மஞ்சள், வளையம், கீறல், பால்வெளுப்பு எல்லாம் முற்றியதற்கான அடையாளங்கள். தயவுசெய்து உங்கள் கண்ணை உடனே காட்டுங்கள்."

நான் பதறிப்போய் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டரைப் பார்த்தேன். பிறகு மாற்றிப் பார்த்தேன். இரண்டிலும் பிள்ளையார் நன்றாக இருந்தார். கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது லோகா வந்தாள். என்ன என்று கேட்டாள். போனைக் கொடுத்தேன். வாசித்தாள். "உனக்கு ஒண்ணும் இல்ல லா" என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "வளையம் போடச் சொன்னது யாரு?"

இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம். மலாய்ப் பாடம் என்று நான் நினைத்தது என்ன என்று எனக்கு அப்போது புரிந்தது. மாமா எனக்குப் பலகை வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. பலகையை என்னை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். குலை நிரம்பிய லோரி, எதிரே பள்ளிக்கூட பஸ், பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள். இத்தனை நாளும் நான் கரண்டியைப் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன்.

"நீதான் சொல்லணும்" என்றாள் லோகா. "நான் சொன்னா கத்துவாரு. உன்கிட்ட கத்தக் கூச்சப்படுவாரு."

கூச்சப்படவில்லை. அன்று மாலை திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் என் படங்களின்படி செய்த சாலையையும் மறு பாதியில் அவர் சொன்னபடி செய்த சாலையையும் வைத்தேன். எது நம் சாலை என்று கேட்டேன். சந்தேகமே இல்லாமல் தன்னுடையதைக் காட்டினார். லோகாவைக் கேட்டேன். அவள் மற்றதைக் காட்டினாள். கரண்டியைத் தேடி அறைக்குள் வந்த அத்தையைக் கேட்டேன். அத்தை குனிந்து பார்த்து, "இதுதான் நம்ம ரோடு. அது என்னா, கண்ணாடியில எண்ணெ தடவுன மாதிரி?" என்றார். மாமா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போலந்துப் பெண் எழுதியதை மெதுவாகச் சொன்னேன். டாக்டர் என்ற வார்த்தை வந்ததும் எழுந்துவிட்டார்.

"நேத்து கப்பல்ல வந்தவன்... எனக்கு என் ரோட்டக் காட்டுறியா நீ?"

நான் வந்தது விமானத்தில். அதைத் திருத்தும் நேரமா அது? அவர் என்னை முதன்முறையாக 'நீ' என்றது அன்றுதான்.

காலையில் அவர் லோரியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். லோகா வாசலில் நின்று, இறங்குங்கப்பா, இறங்குங்கப்பா என்று கத்தியதை அவர் கேட்காத மாதிரி கேட்டைத் தாண்டினார். புக்கிட் ரோத்தான் வரை போனோம். போகும்போது சூரியன் முதுகுப் பக்கம். எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு சீனரின் நிலத்தில் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குத் திரும்பியபோது சூரியன் நேர் எதிரே, கஞ்சி வானத்தின் அடியில் உருகிக்கொண்டிருந்தது. மாமா முன்னால் குனிந்தார். வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"அங்க ஆரஞ்சா ஒரு போர்டு இருக்கே. என்னா போட்டிருக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னா போட்டிருக்குன்னு கேக்குறேன்ல?"

"போர்ட விடுங்க மாமா. அதுக்குக் கீழ ஒருத்தர் கொடியோட நிக்கிறாரு, தெரியுதா?"

"எங்க?"

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம். கோபம் இல்லை. ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், லோரியின் முன் கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் என் கையைப் பார்த்தார். பிறகு சிக்னல் போட்டு, நத்தை மாதிரி நகர்ந்து, ஓரத்துப் புல்லில் லோரியை ஏற்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து என் மடியில் போட்டார்.

"நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாது மாமா."

"தினமும் வீட்டுல ஓட்டுறியே."

ஐரோப்பா முழுக்கப் பெரிய பெரிய சரக்குகளை இழுத்தவன் நான். ஆல்ப்ஸ் மலையில் பனியில் ரிவர்ஸ் எடுத்திருக்கிறேன். இந்த லோரியை ஓர் அங்குலம் நகர்த்த எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திகைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்ததும் உண்மைதான்.

வேறு டிரைவர் வரும்வரை இருவரும் புல்லில் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். ரெண்டு தீபாவளிக்கு முன்னிருந்தே என்றார். லைசன்ஸ் புதுப்பிக்கப் போகும் கிளினிக்கில் கண் பார்ப்பார்களே என்றேன். "அந்த எழுத்துப் பலகைய அவங்க மாத்துனதே இல்ல. எனக்கு மனப்பாடம். கீழ் வரியிலிருந்து மேல் வரி வரைக்கும் சொல்வேன்" என்றார். கொஞ்சம் பெருமைகூட இருந்தது அதில். பிறகு புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "நீ அந்தக் கேம்ல வளையம் வச்சப்ப, எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்திச்சி தெரியுமா? எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியிதுன்னு நெனச்சிட்டேன். எனக்கு மட்டும் இல்லன்னு."

அவரைச் சந்தோஷப்படுத்தவென்று நான் வைத்த ஒவ்வோர் எண்ணும் அவரை அந்த ஸ்டியரிங்கில் இன்னொரு நாள் உட்கார வைத்திருக்கிறது. கொடியோடு நின்ற மனிதர் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நான் மட்டும் பதிலுக்கு அசைத்தேன்.

அரசாங்க மருத்துவமனையில் பெயர் பதிந்து, காத்திருந்து, முதலில் வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இடது கண்ணுக்குப் பிறகு வரச் சொன்னார்கள். அறுவைக்கு மாமாவின் பெயரை டாக்டர் கூப்பிட்டபோது லோகா, "ஆறுமுகத்துக்குப் பன்னெண்டு கண்ணு லா, நீங்க ரெண்டு கண்ணுக்கே இவ்ளோ பயப்படுறீங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அத்தை கேட்டைத் திறந்தார். மாமா காரிலிருந்து இறங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்ப இவ்ளோ நரைச்ச?"

"நீங்க பாக்காதப்ப" என்றார் அத்தை. "எறங்குங்க, சோறு ஆறுது." சொல்லிவிட்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வரும்போது நெற்றியில் பெரிய பொட்டு.

இணையத்தில் என் பழைய விளக்கவுரையை அழித்தேன். சரியான வெளிச்சத்தை ஈஜோக் என்ற பெயரிலும், மற்றதை மாமாவின் கண் என்ற பெயரிலும் ஏற்றினேன். என் உழைப்பு முழுவதும் முதலாவதில் இருக்கிறது. இறக்கிக்கொள்கிறவர்கள் இரண்டாவதைத்தான் இறக்குகிறார்கள். அப்பாவோ அம்மாவோ எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதில் ஓட்டிப் பார்த்தோம் என்று எழுதுகிறார்கள். ஒருவர்கூட வானத்தின் வெளுப்பைப் பாராட்டவில்லை. எனக்கு வேலை அனுமதியும் வந்தது. புஞ்சாக் ஆலாமில் பேனர் அடிக்கும் கடை ஒன்றில் மறுபடியும் முகங்களுக்குக் கலர் சரிசெய்கிறேன். இங்கே மணமக்கள், அரசியல்வாதிகள், பட்டம் வாங்கும் பிள்ளைகள். சாமிகளே தேவலை, அவை வந்து குறை சொன்னதில்லை.

போன வாரம் ஒரு மாலை. மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் இடது கண்ணை மூடி மரத்தைப் பார்ப்பதும், பிறகு வலது கண்ணை மூடிப் பார்ப்பதுமாக இருந்தார். அறுவை செய்த கண்ணில் உலகம் நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிகிறதாம். மற்றதில் இன்னும் தேத்தண்ணி. நான் வேலையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்ததும் அந்தச் சோதனை என் பக்கம் திரும்பியது. முதலில் புதுக் கண். கூர்ந்து பார்த்தார்.

"இந்தக் கண்ல நீ அச்சா ஊர்க்காரன் மாதிரி இருக்க." இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "மீச, சட்ட, ஒக்கார்ற மாதிரி எல்லாம். ஏர்போட்ல பாத்தா யாரு வேணும்னாலும் சொல்லிருவான்."

கையை மாற்றினார். பழைய கண்.

"இதுல பாத்தா எங்க லயத்துப் பையன் ஒருத்தன் மாதிரி இருக்க. யாருன்னு தெரியல. ஆனா தெரிஞ்ச பையன்."

"எது மாமா சரி?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்குத்தான் கண்ணு சரியில்லையே."

"அடுத்த மாசம் அந்தக் கண்ணையும் பண்ணிருவாங்களே. அப்புறம்?"

அவர் கையை மறுபடியும் மாற்றினார். பிறகு இன்னொரு முறை. சாயங்கால வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. போட்டோ எடுப்பவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல, இரண்டு கண்ணுக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தேன்.